சராசரிக்குள் ஒளிந்திருக்கும் கோவா

மாநிலங்களின் தனிநபர் வருமானப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் கோவாவின் பெயர் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் இருக்கும். அதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது கடற்கரையோ தேவாலயமோ அல்ல. ஒரு நகைக்கடன் பதிவேடு.

வடகோவாவின் கடலோரக் கிராமம் ஒன்றில் 2009லிருந்து 2013 வரை ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளராக இருந்தேன். எந்த வங்கி, எந்தக் கிராமம் என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. மயிலாடுதுறைப் பக்கத்தில் பிறந்து, சர்வீஸில் பாதியை வெளிமாநிலக் கிளைகளில் கழித்தவன் நான். ஒரு ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதன் கடைத்தெருவைப் பார்த்தால் போதாது. கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து ஒரு முழு வருடம் பார்க்க வேண்டும்.

காவிரிப் பாசனப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஆடியில் நகை வங்கிக்கு வரும், தையில் வீட்டுக்குத் திரும்பும். விதைக்கும்போது அடகு, அறுத்ததும் மீட்பு. கோவாவில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: அங்கேயும் அதே ஏற்ற இறக்கம். ஜூனில் நகைகள் உள்ளே வந்தன, டிசம்பர் ஜனவரியில் வெளியே போயின. ஆனால் விளைச்சல் நெல் அல்ல, பயணிகள்.

மே மாதக் கடைசியில், ஷாக் என்று அங்கே சொல்லும் ஓலைக் குடில் உணவகங்களைக் கடற்கரையிலிருந்து பிரித்தெடுத்துவிடுவார்கள். மழை பிடித்துக்கொள்ளும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வரும். அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும். டாக்சி ஓட்டுபவர், குடிலில் சமையல் செய்தவர், ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டவர், ஹோட்டல் போர்வைகளைத் துவைத்துக் கொடுத்த பெண்கள் எல்லோரும் நனைந்த குடையைக் கதவருகே சாய்த்துவிட்டு மதிப்பீட்டாளர் மேஜை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சிலர் கொண்டு வரும் வளையலை மதிப்பீட்டாளருக்கே அடையாளம் தெரியும். ஐந்தாவது வருடமாக வருகிற வளையல் அது.

அதே ஜூனில், அதே கிராமத்திலிருந்து, வேறு சிலர் வருவார்கள். வைப்புத் தொகையைப் புதுப்பிக்க, லாக்கரைத் திறக்க. அவர்களுக்கு மழைக்காலம் என்பது ஓய்வுக்காலம். ஒருவர், "மழை விடும்வரை பிள்ளையிடம் லண்டன் போய்வருகிறேன், மேனேஜர் சாப்" என்று சொல்லிக்கொண்டு போவார். அவர் பேராசைக்காரரோ, ஏமாற்றுக்காரரோ இல்லை. வரிசையில் வளையலோடு உட்கார்ந்திருந்த சிலர் அவருக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட. என்னைக் குடைந்தது அதுதான்.

இரண்டு சகோதரர்களின் கதையைச் சொன்னால் விளங்கும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிக்கொள்கிறேன். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு ஊருக்கு உட்புறம் இருந்த நெல் வயல். இளையவருக்குக் கடலோரம் ஒரு துண்டு மணல் தரை, அதில் கொஞ்சம் தென்னை, ஒரு மண் வீடு. ஊரே இளையவருக்காக வருத்தப்பட்டதாம். வலை காயப்போடுவதைத் தவிர அந்த மணல் எதற்கு உதவும்?

1960களின் கடைசியிலேயே ஹிப்பிகள் அஞ்சுனா, கலங்குட் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்கள். சில ரூபாய்களுக்கு வீட்டில் ஒரு அறையைக் கொடுத்தால் போதும் அவர்களுக்கு. 1974ல் சிங்கேரிமில், பழைய அகுவாடா கோட்டையை ஒட்டி, தாஜ் குழுமத்தின் பெரிய ஹோட்டல் வந்தது. 1983ல் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் டெல்லி மாநாட்டுக்கு நடுவே கோவாவுக்கு வந்து தங்கினார்கள். அதற்காகச் சாலை, தொலைபேசி, விமான நிலையம் எல்லாம் சீராயின. 1980களின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானங்கள் நேராக டாபோலிமில் இறங்க ஆரம்பித்தன. இளையவர் முதலில் நான்கு அறை கட்டினார். பிறகு பன்னிரண்டு. நான் போனபோது மொத்தத்தையும் டெல்லிக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாதம் தவறாமல் வரும் தொகையை வைப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

மூத்தவரின் வயல்? நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆள் கேட்ட கூலி, ஹோட்டல் தரும் கூலிக்குச் சமமாக இருந்தது. கேட்பது நியாயம்தான், ஆனால் அந்தக் கூலியை நெல் தாங்காது. வயல் தரிசானது. அவர் மகன் எங்கள் கிளையில் கடன் வாங்கி டாக்சி ஓட்டினான். சித்தப்பாவின் கட்டிடத்து வாசலில்தான் சவாரிக்குக் காத்திருப்பான்.

இரண்டு சகோதரர்களில் ஒருவர் மற்றவரைவிட அதிகம் உழைத்தார் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு விழுந்த பாகம் கடலைப் பார்த்திருந்தது, இன்னொருவருடையது பார்க்கவில்லை. சுற்றுலாவை மட்டும் நம்பும் ஊரில் பணம் பிரியும் விதம் இதுதான். விற்பனைக்குரிய சரக்கு அங்கே இடம். உழைப்புக்குக் கிடைப்பது கூலி, இடத்துக்குக் கிடைப்பது வாடகை. கூலி நடந்து ஏறுகிறது, வாடகை தாவி ஏறுகிறது. எவ்வளவு உழைத்தாலும் புதிதாக ஒரு கடற்கரையை உண்டாக்கிவிட முடியாது.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1975ன் முண்ட்கார் சட்டம், பட்கார் எனப்படும் நிலக்கிழாரின் தோப்பில் குடியிருந்த முண்ட்கார் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. குடியிருக்கும் வீட்டையும் அதைச் சுற்றிய சிறிது நிலத்தையும் விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தது. கடலோரத்தில் பல ஏழை வீடுகளுக்குச் சுற்றுலாவால் நாலு காசு கிடைத்ததற்கு அந்தச் சட்டமும் காரணம். நிலம் கொஞ்சமாவது பரவியிருந்ததால் வாடகையும் கொஞ்சம் பரவியது. நிலமெல்லாம் பட்கார்களிடமே இருந்திருந்தால் கோவாவின் கதை இன்னும் மோசமாக இருந்திருக்கும். 1991ல் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. கிராமப்புறக் கடற்கரைகளில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. தேவையான சட்டம், சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே அங்கே கட்டிடம் வைத்திருந்தவருக்குப் போட்டியே இல்லாமல் போயிற்று. மணலைக் காப்பாற்ற வந்த சட்டம், முந்திக்கொண்டவரின் வாடகையையும் சேர்த்துக் காப்பாற்றியது.

டிசம்பரில் ஓர் இரவுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஓர் அறை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பங்கு முன்பதிவு செய்து கொடுத்த நிறுவனத்துக்கு; அது மும்பையிலோ, வெளிநாட்டிலோ இருக்கும். ஒரு பங்கு குத்தகைதாரருக்கு. காலை உணவுக்கு வரும் காய்கறியும் பாலும் பெரும்பாலும் பெல்காம் பக்கத்திலிருந்து லாரியில் மலையிறங்கி வருகின்றன. மின்சாரம், வரி போக உள்ளூரில் தங்குவது இரண்டு: நில உரிமையாளரின் வாடகை, வேலைக்காரர்களின் கூலி. அந்தக் கூலியும் முழுதாக உள்ளூரில் தங்குவதில்லை.

ஏனென்றால் வேலைக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை. என் கிளைக்கு எதிரிலிருந்த விடுதியில் பாத்திரம் கழுவியவன் ஜார்க்கண்ட், அறை சுத்தம் செய்தவன் ஒரிசா, சமையல்காரர் நேபாளி. கடற்கரையில் வெயிலில் அலைந்து மணிமாலையும் துணியும் விற்ற லம்பாணிப் பெண்கள் வடகர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். கோவாவின் இளைஞர்கள் எங்கே என்று கேட்பீர்கள். சிலர் கப்பலில், சிலர் வளைகுடாவில், சிலர் போர்ச்சுகீசியப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில். 1961 வரை போர்ச்சுகல் ஆண்ட மண் என்பதால் அந்த வசதி பலருக்கு உண்டு. ஒரு வீட்டுக்காரரின் மகன் இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்தில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தான். அவன் தூங்கி வளர்ந்த அறையில், அவன் வீட்டு வாடகை அறையில், ஜார்க்கண்ட் பையன் படுக்கை விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இருவரும் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். ஸ்விண்டன் பணம் எங்கள் கிளையில் வெளிநாட்டு இந்தியர் வைப்பாகச் சேர்ந்தது. ஜார்க்கண்ட் பையனுக்கு எங்களிடம் கணக்கே இல்லை.

கணக்கு இல்லாததற்குக் காரணம் விலாசம். விடுதியின் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் தூங்குபவனுக்கு விலாசச் சான்று யார் கொடுப்பார்கள்? முதலாளி கொடுத்தால் அவன் தன் ஆள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும்; பிராவிடண்ட் ஃபண்டு, காப்புறுதி என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் வந்த பிறகு இது எளிதானது. என் காலத்தில் அவர்கள் ஊரிலிருக்கும் அண்ணன் கணக்கு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு வந்து, ரொக்கத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். அக்டோபரில் தொடங்கி மே மாதத்தில் முடியும் அவர்களுடைய கோவா. அடுத்த அக்டோபரில் வேறு விடுதி, வேறு முதலாளி, திரும்பவும் அதே சம்பளம். ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் இருந்தவனுக்குப் பத்து வருட சர்வீஸ் இருக்கும். இங்கே பத்து சீசன் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று விலைவாசி. வருமானம் ஆளுக்கு ஆள் மாறும், மார்க்கெட் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். கோவாக்காரருக்குச் சாப்பாடு என்றால் ஷீத் கொடி, அதாவது சோறும் மீன் குழம்பும். இஸ்வண் என்று அவர்கள் சொல்லும் வஞ்சிரம் டிசம்பரில் வீட்டுச் சமையலுக்குக் கிடைக்காது. ஹோட்டல்காரர்கள் விடியற்காலையிலேயே எடுத்துவிடுவார்கள். பாங்டா, நம் கானாங்கெளுத்தி, அதுவும் சீசனில் விலை ஏறிவிடும். எங்கள் கிளையின் கடைநிலை ஊழியர் ஒருவர், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர், கிறிஸ்துமஸ் வாரத்தில் முட்டைக் குழம்போடு டிபன் கொண்டு வருவார். "கடல் இப்போது விருந்தாளிகளுக்கு" என்பார் சிரித்துக்கொண்டே.

தண்ணீரும் அப்படியே. கடலோர விடுதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் போதாது. கிணறு வைத்திருப்பவரிடமிருந்து டாங்கர் லாரி எடுத்துப்போய் விற்கும். கிணறு வைத்திருப்பவருக்கு அது இன்னொரு வாடகை. பக்கத்து வீட்டுக் கிணற்றின் மட்டம் இறங்குவது எந்தக் கணக்கிலும் வராத செலவு. நீச்சல் குளம் நிரம்பியிருக்கும் தெருவிலேயே குடத்தோடு காத்திருக்கும் பெண்களை ஏப்ரலில் நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிச் சொன்னால், சுற்றுலா வராமலே இருந்திருந்தால் நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வளையலோடு வரிசையில் உட்கார்ந்த பெண்ணிடம் அடகு வைக்க ஒரு வளையல் இருந்தது. அவள் தாயிடம் அதுவும் இருந்திருக்காது. டாக்சிக்காரரின் மகள் கல்லூரிக்குப் போகிறாள். கீழே இருப்பவர்களும் மேலே வந்திருக்கிறார்கள். ஆனால் மேலே இருப்பவர்கள் வேறு வேகத்தில் போயிருக்கிறார்கள். மீனும் நிலமும் வாடகையும் அந்த வேகத்தைப் பின்பற்றியே விலை வைக்கின்றன. இடைவெளி என்பது பொறாமை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பவர்கள், கடலோரக் கிராமத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு உள்ளூர்த் தம்பதி வாடகைக்கு வீடு தேடுவதைப் பார்க்க வேண்டும். ஹோட்டல் ஊழியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கொடுப்பதைவிட, வாரக் கணக்கில் பயணிகளுக்குக் கொடுத்தால் லாபம் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் கோவாவுக்கு இன்னொரு கால் இருந்தது. இரும்புத்தாதுச் சுரங்கம். அது செய்த நாசமும் கொஞ்சநஞ்சமல்ல. சட்டவிரோதச் சுரங்கம் பற்றிய விசாரணை அறிக்கைக்குப் பிறகு 2012ல் சுரங்கங்கள் நின்றன. பிறகு கட்டுப்பாடுகளோடு திறந்தன. 2018 பிப்ரவரியில் 88 குத்தகைகளை உச்சநீதிமன்றம் ரத்து செய்ததும் மறுபடி நின்றன. பிச்சோலிம், சாங்கேம் பக்கம் லாரிக் கடன் கொடுத்திருந்த சக மேலாளர்கள் தூக்கமில்லாமல் இருந்தார்கள். தாது ஏற்றிய லாரிகள் வீட்டு முற்றத்தில் துருப்பிடித்து நின்றன. அந்த உள்பகுதிப் பையன்கள் வேலை தேடி மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்கு வந்தார்கள். மாநிலத்தின் சுற்றுலாச் சார்பு இன்னும் கூடியது. ஆனால் சுற்றுலாப் பணம் மோட்டார் சைக்கிள் ஏறி சாங்கேம் போவது மாதச் சம்பள அளவுக்குத்தான்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் கோவாவின் மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம். 2019ல் வந்த பயணிகள் சுமார் 80 லட்சம். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் திவாலானபோதே, அதன் சார்ட்டர் பயணிகளை நம்பியிருந்த சிறிய விடுதிகள் ஆடிப்போயின. அதற்குள் 2020 மார்ச் வந்துவிட்டது.

நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். பழைய சகாக்கள் தொலைபேசியில் சொன்னது இது. ஊரடங்கில் விடுதிகள் மூடின. வெளிமாநிலத் தொழிலாளர்கள் மே மாதத்தில் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். கடைசி மாதச் சம்பளம் வராமல் போனவர்களும் அவர்களில் உண்டு. ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தள்ளிவைக்க அனுமதித்தது. விடுதிக்காரருக்குக் கடன் இருந்தது, சலுகை கிடைத்தது. டாக்சிக்காரருக்கும் கிடைத்தது, வட்டியோடு. வங்கிக்கடனே கிடைக்காத பாத்திரம் கழுவும் பையனுக்கு எதைத் தள்ளிவைப்பது? நாற்பது வருடம் கடன் கொடுக்கும் தொழிலில் இருந்தவன் நான். நெருக்கடியில் நாம் கொடுக்கும் நிவாரணம்கூட சொத்து இருப்பவரின் விலாசத்துக்கே போய்ச் சேருகிறது என்பது அன்று உறைத்தது போல முன்பு உறைத்ததில்லை.

பயணிகள் திரும்பிவிட்டார்கள். 2022 டிசம்பரில் மோபாவில் இரண்டாவது விமான நிலையமும் திறப்பு விழா கண்டது. 2024ல் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. பெரும்பாலும் நம் நாட்டவர். எத்தனை பேர் வந்தார்கள் என்று அரசு அறிக்கை விடுகிறது. வந்த பணம் எத்தனை பேருக்குப் பிரிந்தது என்று அறிக்கை வருவதில்லை.

பிரித்துக் கொடுக்க வழியே இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. மாலத்தீவில் ஆசிரியராக இருந்த என் உறவினர் சொல்வார்: 1972ல் முதல் விடுதி வந்தது. பிறகு பல ஆண்டுகள் அங்கே பெரும்பாலும் ஆளில்லாத தீவுகளில்தான் வெளிநாட்டுப் பயணிகள் தங்கினார்கள். ஒரு தீவு, ஒரு விடுதி. உள்ளூர் மக்களுக்குப் பயணி என்பவர் படகில் கடந்து போகும் ஒரு தொப்பி. 2009, 2010ஐ ஒட்டி விதி மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்றார்கள். மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் அறை கட்டி வாடகைக்கு விட்டன. ஒரு விதி மாற்றம் செய்த வேலை அது. நம் பக்கத்திலேயே, 2008ல் கேரள அரசு குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலா என்று ஒரு முயற்சியைத் தொடங்கியது. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவிக்கும் காய்கறியை அங்குள்ள ஹோட்டல்கள் வாங்கும் ஏற்பாடு அது. பெரிய புரட்சி இல்லை. ஆனால் ஹோட்டல் சமையலறைப் பணத்தில் ஒரு பகுதி, கடலோரத்திலோ ஏரிக்கரையிலோ நிலம் இல்லாதவர் கைக்கும் போனது.

கோவாவிலும் குடில் உரிமங்களைக் குலுக்கல் முறையில் உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் உரிமம் கிடைத்தவர், முதல் போட முடியாமல், அதை வெளியூர்க்காரருக்கு உள்வாடகைக்கு விடுவது பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அரசு தடுக்கிறது, அபராதம் விதிக்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு: உரிமத்தோடு சேர்த்து முதலீட்டுக் கடனும் கொடுத்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது தாங்களே நடத்தியிருப்பார்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களின் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு நான் தலையைச் சொறிந்திருக்கிறேன். எட்டு மாதம் மட்டும் நிற்கும் ஓலைக் குடிலை எந்த விதியின் கீழ் ஈடாக எடுப்பது?

சென்ற ஜனவரியில் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன். இளைய சகோதரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். மூத்தவரின் மகனுடைய டாக்சி இன்னும் ஓடுகிறது. செயலி வழி டாக்சிகளை எதிர்த்து நடக்கும் போராட்டங்களுக்குத் தவறாமல் போகிறானாம். சற்று உள்ளே தள்ளி, நான் இருந்த காலத்தில் மரங்களும் பழைய ஓட்டு வீடுகளுமாக இருந்த தெருக்களில், இப்போது டெல்லி, மும்பைக்காரர்களின் வெள்ளை வெள்ளையான இரண்டாம் வீடுகள். வருடத்தில் சில வாரங்கள் வருவார்களாம். விடுதியென்றால் பாத்திரம் கழுவவாவது நாலு பேர் வேண்டும். இந்த வீடுகளுக்கு வாசலில் ஒரு காவலாளி போதும். ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். அஸ்ஸாம் என்றார். வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் இல்லை என்றார்.